முதுகுப்புறம் நீட்டிய கவளம்

கத்தரிக்காய் சுடும்போது நான் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கிணற்றைப் பார்த்துத்தான் உட்காருவேன். பிசைந்த சாதத்தில் முதல் கவளத்தை உருட்டி, திரும்பிப் பார்க்காமல், வலது கையைப் பின்னால் வளைத்து நீட்டுவேன். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு அப்புறம்தான் மற்ற வேலை. என் மருமகள்கள் இதைப் பார்த்துத் தங்களுக்குள் ஜாடை காட்டிச் சிரித்துக்கொள்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்கென்ன, என் கை வலிக்கிறது, அவர்களுக்கா வலிக்கிறது?

மாம்பலத்துக்கு இரண்டாந்தாரமாக வந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. மயிலாப்பூர்க்காரர்கள் மாம்பலத்தை ஒரு ஊராகவே ஒப்புக்கொள்ளாத காலம் அது. ஏரியைத் தூர்த்து மனை போட்டுப் பத்து வருஷம்கூட ஆகவில்லை. "ஏரிக்குள்ளே குடித்தனம் பண்ணப் போறாளாம்" என்று என் மாமி தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் அந்த வீட்டில் தண்ணீர் வானத்திலிருந்து வருவதற்கு முன்னால் தரையிலிருந்து வந்துவிடும். சமையலறைச் செங்கல் தரை காலையில் வியர்த்திருக்கும். அம்மிக்கு அடியில் தவளை உட்கார்ந்து என்னை முறைக்கும். பக்கத்து மனைகள் எல்லாம் காலி. நாலு வீடு தள்ளி யாராவது இருமினால் நம் கூடத்தில் இருமுவதுபோல் கேட்கும்.

என்னைப் பெற்றவள் நான் நினைவு தெரியும் முன்பே போய்விட்டாள். மயிலாப்பூரில் மாமா வீட்டில் வளர்ந்தேன். பட்டினி போட்டார்கள் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். எல்லாரும் சாப்பிட்ட பிறகு வெண்கலப் பானையை என் பக்கம் நகர்த்துவார்கள், அவ்வளவுதான். மாமி தன் குழந்தைகளுக்குக் கையில் கையில் உருண்டை வைக்கும்போது நான் பாத்திரம் ஒழித்துப் போட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு யாரும் ஒரு வாய் ஊட்டிவிட்டது கிடையாது. இதைச் சொல்லிக் கண்ணைக் கசக்கும் வயதெல்லாம் தாண்டிவிட்டேன். பின்னால் வருவது புரிய வேண்டுமே என்று சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் சாது. காலையில் ரயிலைப் பிடித்துக் கோட்டைப் பக்கம் ஆபீஸுக்குப் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பி வருவார். மூத்தவள் இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசியில் விஷ ஜுரத்தில் போயிருந்தாள். அவள் பெற்ற பெண்ணுக்கு அப்போது ஐந்து வயது. அந்தப் பெண் என் கையால் ஒரு பருக்கை தொடமாட்டாள்.

கெஞ்சினேன், மிரட்டினேன், ஒரு தடவை முதுகில் ஒன்று வைத்தும் பார்த்தேன். உதட்டைப் பூட்டிக்கொண்டு என்னைத் தாண்டி எங்கேயோ பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை அப்பா மடியில் உட்கார்ந்து நாலு வாய். மற்ற நாட்களில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாள் முந்தானையில் முடிந்து கொண்டுவரும் பொரி. குழந்தையின் கை முருங்கைக்காயாக மெலிந்துகொண்டு வந்தது. டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். ஊருக்கு அது போதாதே! மாற்றாந்தாய் வந்தாள், குழந்தை காய்ந்தது என்று கணக்குச் சரியாக இருந்தது அவர்களுக்கு. எனக்கு வந்த ஆத்திரத்தில் சாதத்தையும் குழந்தையையும் விட்டுவிட்டுக் கிணற்றடியில் போய் அழுதேன்.

பாத்திரம் தேய்க்கும் அம்மாள்தான் சாம்பலைக் குழைத்துக்கொண்டே சொன்னாள்: "அந்தம்மா இருந்தப்போ பாப்பா இன்னா துன்னும் தெரியுமா ஐயரம்மா? மய பேஞ்சா போதும், அந்தம்மா கரி அடுப்ப எத்துக்கினு வந்து இங்க இந்தக் கூரைக்குக் கீய வெச்சுக்கினு குந்திடும். கத்திரிக்கா சுடும், வள்ளிக்கெயங்கு சுடும், அப்பளம் சுடும். வாசன எங்க ஊடு வரிக்கும் வரும். பாப்பா இங்கியே கெடக்கும்."

எனக்கு அப்போது தோன்றியது ஒன்றே ஒன்று. குழந்தை அவளுடையது, அவளையே கேட்டுவிடுவோம்.

எங்கள் பக்கத்தில் இளையாள் வந்த வீட்டில் சுமங்கலிப் பிரார்த்தனை செய்வது வழக்கம். சுமங்கலியாகப் போனவளை விருந்துக்கு அழைப்பது. கோலம் போட்டு, மணை போட்டு, அவளுக்கென்று வாங்கிய புதுப் புடவையை நனைத்து உலர்த்திக் கொசுவி மணைமேல் வைத்து, முன்னால் இலை போட்டு எல்லாம் பரிமாறிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டுத் திறப்பார்கள். பிறகு அந்தப் புடவை வீட்டு மருமகளுக்கு. ஐப்பசியில் நாள் பார்த்து, திருவல்லிக்கேணியிலிருந்து என் நாத்தனார் வந்தாள். மூத்தவளின் அண்ணாவும் கும்பகோணத்திலிருந்து வந்தார். புடவை நான் எடுத்தது. அரக்கு, மஞ்சள் கரை. அவள் எப்போதும் உடுத்தின நிறம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அங்கேதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். வடை, பாயசம், போளி எல்லாம் நாத்தனார் பரிமாறினாள். அவள் நெய் எடுக்கத் திரும்பிய நேரத்தில், பின்கட்டில் ரகசியமாகக் கத்தரிக்காய் சுட்டு நான் பண்ணி வைத்திருந்த கொத்சை இலையின் ஓரத்தில் ஒரு கரண்டி வைத்துவிட்டேன். அவளுக்குப் பிடித்தது ஆயிற்றே! சந்தோஷப்பட்டுக் குழந்தையைச் சாப்பிடச் சொல்வாள் என்று நினைத்தேன்.

கதவைத் திறந்ததும் நாத்தனார் இலையைப் பார்த்தாள். அவள் முகம் சுண்டிப் போயிற்று.

"என்னடி இது? சுட்டதை இலைல போடுவாளோ! பாவி, எதைச் சுட்ட ஞாபகம் வரும்னு உனக்கே தெரியாதா?"

"அவாளுக்குப் பிடிக்கும்னு…"

"பிடிக்கும்னுதான் போடப்படாது. வந்தவா சாப்ட்டுட்டுப் போகணும். நீ ருசி காட்டிக் கூப்ட்டுட்டே. இனிமே அவ எங்கே போவா?"

நான் இலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வடை வடையாக இருந்தது, போளி போளியாக இருந்தது. கொத்சில் மட்டும் மூன்று விரலால் வழித்தெடுத்ததுபோல் ஒரு பள்ளம். குழந்தையின் வேலை என்று நாத்தனார் முணுமுணுத்தாள். குழந்தை அந்த நேரம் முழுவதும் வாசலில் மாமாவின் தோளில் உட்கார்ந்து ஜட்கா வண்டிக் குதிரையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

சாப்பாடு ஆனதும் அந்த அண்ணா என்னைக் கூப்பிட்டு, கோபமே இல்லாமல் பேசினார். "நீயும் எனக்குத் தங்கைதான்மா. உன்மேல் தப்புச் சொல்லலே. ஆனா கொழந்தை எலும்பும் தோலுமா இருக்கு. கார்த்திகை பொறந்ததும் வரேன். அப்பவும் உன் கையாலே சாப்பிடலேன்னா நான் அழைச்சுண்டு போயிடறேன். என் ஆத்துல நாலு கொழந்தைகளோட அஞ்சாவதா வளரட்டும்."

அஞ்சாவதா! அஞ்சாவதாக வளர்வது என்றால் என்ன என்று அந்த மனுஷருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். வெண்கலப் பானை கடைசியில் யார் பக்கம் நகரும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குத்தான் எனக்கு அந்தக் குழந்தை வேண்டும் என்று உறைத்தது. ஊர் வாயை அடைக்க அல்ல. அவள் எனக்கு வேண்டும்.

அடுத்த வாரம் மழை விடவே இல்லை. கொடியில் போட்ட என் புடவைகள் மூன்றும் மூன்று நாளாகச் சொட்டிக்கொண்டிருந்தன. உலர்ந்து கிடந்தது அந்த அரக்குப் புடவை ஒன்றுதான். வேறு வழியில்லாமல் அதைக் கட்டிக்கொண்டேன். சமையலறை விறகு முழுக்க ஈரம். புகைந்து கண்ணைக் கரித்ததே தவிரப் பற்றவில்லை. குமுட்டி அடுப்பையும் ஒரு கூடைக் கரியையும் தூக்கிக்கொண்டு பின்கட்டுக் கூரைக்குக் கீழே போய் உட்கார்ந்தேன். சாரல் முகத்தில் அடிக்காமல் இருக்க விசிறியைச் சாய்த்துப் பிடித்து, வசதிப்பட்ட பக்கமாகத் திரும்பிக்கொண்டேன். அந்தப் பக்கம் கிணறு இருந்தது.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். கரி கனிந்து மேலே சாம்பல் பூத்திருந்தது. நல்லெண்ணெய் தடவிக் கத்தியால் நாலு இடத்தில் குத்திய கத்தரிக்காய்களைத் தணலில் வைத்தேன். தோல் சுருங்கிக் கருகிச் சாறு சொட்டிச் சுரீர் என்றது. காம்பைப் பிடித்துப் புரட்டிப் புரட்டி, விரலால் அழுத்தினால் அமுங்கும் பதம் வந்ததும் எடுத்து, கையைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டுத் தோலை உரித்தேன். பச்சைமிளகாயையும் அதே தணலில் வாட்டி உப்போடு நசுக்கி, நீர்க்கக் கரைத்த புளியில் மசித்துவிட்டு, கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டினேன். அந்த வாசனையோடு ஈர மண் வாசனை சேர்ந்ததும் எனக்கே பசித்தது. சூடான சாதத்தில் போட்டுப் பிசைந்தேன்.

அப்போது என் முதுகில் ஏதோ சாய்ந்தது.

சின்னதாக, வெதுவெதுப்பாக, ஒரு முதுகு என் முதுகோடு ஒட்டியது. மூச்சு ஏறி இறங்குவது தெரிந்தது. "அம்மா" என்றது குரல். திரும்பினால் போய்விடும் என்று மட்டும் தெரிந்தது. கவளத்தை உருட்டி, கையைப் பின்னால் வளைத்து நீட்டினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்குவரை எனக்கே சொல்லத் தெரியவில்லை. சின்ன உதடுகள் உள்ளங்கையில் பட்டன. நாலு கவளம். பிறகு "போறும்" என்று ஒரு குரல், ஈரத் தரையில் ஓடுகிற பாதச் சத்தம். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே அழுதேன். மழையில் அது யாருக்குத் தெரியப் போகிறது?

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். வள்ளிக்கிழங்கைச் சாம்பலில் புதைத்துச் சுட்டுக் கொடுத்தேன். அப்பளத்தைத் தணலில் காட்டி நெய் தடவி நீட்டினேன். எல்லாம் கையைப் பின்னால் வளைத்துத்தான். முன்னால் போய் முகத்தைக் காட்டினால் பழையபடி உதடு பூட்டிக்கொள்ளும். என் புடவைகள் உலர்ந்த பிறகும் நான் அரக்குப் புடவையையே கட்டினேன். ஏமாற்றுகிறோம் என்று தெரியும். குழந்தையின் கன்னத்தில் சதை பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு எந்த மகராசி நிறுத்துவாள்? ஆனால் அவள் முதுகில் சாய்ந்துகொண்டு "அம்மா" என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்று குத்தும். அவள் கூப்பிட்டது என்னை அல்ல.

ஒரு நாள் பாத்திரம் தேய்க்கும் அம்மாள் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். குழந்தை சாப்பிட்டுவிட்டுப் போனதும் கிட்டே வந்து கேட்டாள்.

"ஐயரம்மா, இத யாரு உனக்குச் சொன்னாங்க?"

"எதை?"

"இப்டிப் பின்னாடி கைய நீட்டி ஊட்றத. அந்தம்மா இப்டித்தான் குந்தும். இந்தப் பக்கந்தான் மூஞ்சி. திரும்பிக்கூடப் பாக்காம இப்டியேதான் ஊட்டும். நான் உன்னாண்ட சொல்லவே இல்லியே!"

யாரும் சொல்லவில்லை. நான் சாரலுக்காகத் திரும்பி உட்கார்ந்தவள். அன்றைக்கு முழுக்க என் வலது கையை நானே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு நாள் பின்னாலிருந்து குழந்தை, "இன்னிக்கு வெல்லம் போடலையா?" என்றாள். நான் கொத்சில் வெல்லம் போட்டதே இல்லை; மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் அந்த வழக்கமே கிடையாது. மறுநாள் மசித்துக்கொண்டே ஏதோ நினைவாக இருந்தவள், குனிந்து பார்க்கிறேன், என் விரலில் வெல்லத்தூள் ஒட்டியிருந்தது. டப்பாவின் மூடி திறந்து கிடந்தது. நான்தான் எடுத்திருக்க வேண்டும். வேறு யார் எடுப்பார்கள்?

ஐப்பசி கடைசியில் ஒரு நாள், அடை மழை. முதுகில் சாய்வு தெரிந்ததும் வழக்கம்போல் கவளத்தை நீட்டினேன். எடுத்துக்கொண்டது. இரண்டாவது நீட்டினேன். உதடு சில்லென்று இருந்தது. ஈரத்தில் விளையாடிவிட்டு வந்திருக்கிறாள், ஜுரம் வரப்போகிறது என்று எரிச்சலாக நினைத்துக்கொண்டே மூன்றாவதை உருட்டினேன். அப்போது முற்றத்துக்கு அப்பால் கூடத்து ஜன்னலிலிருந்து குழந்தையின் குரல் கேட்டது. பலகையில் எழுதிக்கொண்டே எழுத்தைச் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதுகில் சாய்வு இன்னும் இருந்தது. ஐந்து வயதுக் குழந்தையின் கனம் இல்லை அது. தோளுக்குத் தோள் சரியாக இருந்தது. உருட்டினதைப் பின்னால் நீட்டினேன். கவளம் கையிலிருந்து போயிற்று. காக்கை என்றால் கொத்தியிருக்கும், நாய் என்றால் மூச்சு சுட்டிருக்கும்.

எனக்குப் பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் நான் பிறந்த ராசி அப்படி. பயம் வந்தால் வாய்தான் முதலில் திறக்கும். கிணற்றைப் பார்த்துக்கொண்டே பொரிந்து தள்ளிவிட்டேன்.

"இந்தாடியம்மா, உனக்கு வேணுங்கறதைச் சாப்பிடு. தினம் வா, தினம் சுட்டுத் தரேன், உசிரோட இருக்கறவரைக்கும் தரேன். ஆனா அந்தக் கொழந்தையை எனக்கு விடு. உன் புடவையைக் கட்டிண்டு உன் கையை நீட்டிண்டு எத்தனை நாளைக்குடி நான் திருட்டுத்தனமா அம்மாவா இருக்கறது? அவளை யாரோ ஆத்துல அஞ்சாவது இலைக்கு அனுப்பிடாதே. எனக்கு அது எப்படி இருக்கும்னு தெரியும். உனக்குத் தெரியாது. உனக்கு அம்மா இருந்தா."

சாய்வு விலகியது. முதுகில் அது இருந்த இடம் மட்டும் குளிர்ந்தது. "யாராண்ட பேசிக்கினு கீற ஐயரம்மா?" என்று கொல்லைப் பக்கமிருந்து குரல் வந்தது. தவளையோடு என்றேன்.

கார்த்திகை பிறந்து நாலாம் நாள் அந்த அண்ணா வந்துவிட்டார். அன்றைக்கு மழை இல்லை. வெள்ளைவெளேர் என்று வெயில். குழந்தைக்கு மாற்றுத்துணி வைக்க ஒரு தகரப்பெட்டிகூடக் கொண்டுவந்திருந்தார். "கன்னம் பூசினாப்ல இருக்கே!" என்று குழந்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எங்கே, என் முன்னாடி ஒரு வாய் கொடு பாக்கலாம்" என்றார். என் வீட்டுக்காரர் ஒரு ஓரமாக நின்று மேல்துண்டைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் குழந்தை சாப்பிட்டிருக்கும். அந்த மனுஷருக்கு அது போதுமாக இருந்திருக்கும். என்னால் முடியவில்லை. அப்படி ஜெயித்தால் ஆயுசு முழுக்க நான் திரும்பவே முடியாது. புடவையை மடித்து அறையில் வைத்துவிட்டு, என் பழைய பச்சைப் புடவையிலேயே குமுட்டியை மூட்டிக் கத்தரிக்காயைச் சுட்டேன். அவசரத்தில் புளி கொஞ்சம் கூடிவிட்டது. பிசைந்த கிண்ணத்தோடு, கிணற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குழந்தைக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கவளத்தை உருட்டி நீட்டினேன்.

உதடு பூட்டிக்கொண்டது. பழையபடி என்னைத் தாண்டிப் பார்த்தாள். அண்ணா பெருமூச்சு விட்டார். பெட்டியின் தாழ்ப்பாளை அவர் தொட்டது எனக்குக் கேட்டது.

குழந்தை என் தோளுக்கு மேலே கிணற்றடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தெளிவாக, சாதாரணமாக, பெரியவர்களிடம் கேட்கும் குரலில் கேட்டாள்:

"சாப்டட்டுமா?"

அவள் தலையைச் சாய்த்துப் பதிலைக் கேட்டுக்கொண்டாள். அண்ணாவும் அந்தத் திசையில் பார்த்தார். அங்கே ராட்டினமும் கயிறும்தான் இருந்தன. அவர் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. குழந்தை "சரி" என்று தலையை ஆட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

ஏழு வாய் சாப்பிட்டாள். அண்ணா பாதியிலேயே எழுந்து கூடத்துக்குப் போய்விட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றவர், என் வீட்டுக்காரரிடம், "மாப்பிள்ளை, நான் மூணு மணி வண்டிக்கே கெளம்பறேன்" என்றார். வாசலில் என்னைப் பார்த்ததும் கை கூப்பினார். எனக்குக் கூப்பினாரா, என் பின்னால் இருந்ததற்குக் கூப்பினாரா என்று தெரியவில்லை. தகரப்பெட்டியை எடுத்துப் போக மறந்துவிட்டார். அதில்தான் இன்றுவரை அந்த அரக்குப் புடவை இருக்கிறது.

அவர் போன பிறகு பின்கட்டுக்கு வந்தேன். குழந்தை கிண்ணத்தைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கேட்கவும் பயமாக இருந்தது, கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"என்னடி சொன்னா?"

"நன்னா மென்னு சாப்பிடுன்னா."

"அவ்வளவுதானா?"

இல்லை என்று குழந்தை தலையை ஆட்டினாள். "அப்பறம், அவளுக்கு யாருமே ஊட்டினதில்லையாம், நீ ஒரு வாய் போடுன்னா."

நான் அதை யாரிடமும் சொன்னதில்லை. கட்டினவரிடம்கூடச் சொன்னதில்லை. குழந்தை கிண்ணத்தின் அடியிலிருந்ததைத் தன் சின்னக் கையால் வழித்து, உருட்டத் தெரியாமல் உருட்டி, என் வாய்க்கு நேரே நீட்டினாள். பாதி மடியில் விழுந்தது. மீதியை வாங்கிக்கொண்டேன்.

அன்றைக்கு இருந்த படபடப்பில் நான் கொத்சுக்கு வெல்லம் போடவில்லை. டப்பாவைத் திறக்கவே இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் என் வாயில் அது தித்தித்தது.